மச்சானைக் கரைசேர்த்த அதிரடிப் படை

கடலோரக் காவலுக்கு அதிரடிப் படை என்று ஒன்று உதயமான நாள் முதல், கடலில் சும்மா மூழ்குகிறவனுக்கு மரியாதை இல்லாமல் போயிற்று. மீட்புப் பிரிவைக் கலைத்துத்தான் இந்தப் படையை உண்டாக்கினார்கள். நியாயம்தானே? தத்தளிக்கிறவனைத் தூக்கிவிட்டால் எந்தப் பத்திரிகைக்காரன் படம் போடுவான்?

படைக்குக் கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கறுப்பு முகமூடி. எக்காரணம் கொண்டும் முகமூடியைக் கழற்றலாகாது என்று உத்தரவு. டீயைக்கூட ஸ்ட்ரா போட்டுத்தான் உறிஞ்சினார்கள். ஊருக்கும் அந்தப் பித்து தொற்றிக்கொண்டது. முடிவெட்டுகிறவர்கூட முகமூடி போட்டுக்கொண்டுதான் கத்தரி பிடித்தார். எத்தனை காதில் ரத்தம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் படையின் வயர்லெஸ்காரருக்கு ஒருநாள் காலையில் மச்சானின் குரல் கேட்டது. பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. தனியாக மீன்பிடிக்கப் போனவன்.

"அத்தான், இன்ஜின் நின்னுபோச்சு. படகுல ஓட்டை, தண்ணி ஏறுது. சீக்கிரம் ஆள் அனுப்புங்க!"

வயர்லெஸ்காரர் விழுந்தடித்துக்கொண்டு தளபதியின் அறைக்கு ஓடினார். தளபதி நிலைக்கண்ணாடி முன்னால் நின்று முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு படகு முழுகுது!"

"பயங்கரவாதி எத்தனை பேர்?"

"யாரும் இல்லைங்க. என் மச்சான் மட்டும்தான்."

"அப்ப அது வெறும் விபத்து. நாம போறதில்லை. ஒரு துப்பாக்கிகூடவா கிடையாது?"

"தூண்டில் இருக்குங்க."

"தூண்டிலுக்கு ஹெலிகாப்டரைக் கிளப்பினா மேலிடத்துல என்னைப் பத்தி என்னய்யா நினைப்பாங்க?"

இந்த மனுஷனிடம் கெஞ்சுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. வயர்லெஸ்காரர் வெளியே போனார். கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடிவந்தார்.

"ஐயா, படகைப் பயங்கரவாதி பிடிச்சுட்டான்!"

"அப்படிச் சொல்லுய்யா!"

ஹெலிகாப்டர் கிளம்பியது. அதில் முதலில் ஏறியவர் வீடியோ எடுப்பவர். படகு அதுவரை எப்படியோ மிதந்துகொண்டுதான் இருந்தது. கயிற்றில் இறங்கிய வீரர்கள் அத்தனை பேரும் அதன்மேல் தொப்பென்று குதித்தார்கள். ஒரே முழுக்காக முழுகியது. எதிரியின் கலம் தகர்க்கப்பட்டது என்று செய்தி பறந்தது.

தண்ணீரில் அகப்பட்டவன் ஒரே ஒருவன். அவன் பணயக்கைதி என்றால், பயங்கரவாதி எங்கே என்று கேள்வி வரும். ஆகவே தீர ஆலோசித்து, அவனே பயங்கரவாதி என்று முடிவு செய்தார்கள். துறைமுகத்தில் கூடிய மீனவர்கள் கைதட்டித் தள்ளினார்கள். நாளைக்குத் தங்கள் படகு ஓட்டையானால் யார் வருவார் என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

வயர்லெஸ்காரர் தளபதியின் காலில் விழாத குறை. "ஐயா, நான் சொன்னது பொய்ங்க. அவன் என் மச்சான்!"

"மச்சானா? உன் வீட்டுல பயங்கரவாதி இருக்கிறதை வேலைக்குச் சேரும்போது சொன்னியா?"

மறுநாள் விழா வைத்து, தக்க தருணத்தில் தகவல் தந்த தீரத்துக்காக வயர்லெஸ்காரருக்கும் ஒரு பதக்கம் குத்தினார்கள். அவரும் நெஞ்சை நிமிர்த்தித்தான் கொடுத்தார்.

வீட்டில் பெண்டாட்டி, தம்பியைப் பயங்கரவாதி என்று திரும்பத் திரும்பக் காட்டிய டிவி முன்னால் அழுதுகொண்டிருந்தாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அழாதே. உன் தம்பி உயிரோட இருக்கான். நாளைக்கு ஜெயில்ல போய்ப் பார்த்துட்டு வரலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சட்டையில் கோணலாகத் தொங்கிய பதக்கத்தை நேராக்கிவிட்டாள்.

"நான் போய்க்கிறேங்க. நீங்க அந்தப் பயங்கரவாதி மூஞ்சியில முழிக்க வேண்டாம்."