கண்மாய்க்குள் இறங்கிய சைக்கிள் பாதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிள் பாதையும் நடைபாதையும் திட்டமிடும் வேலையில் நான் சேர்ந்தபோது எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வேறு ஊரில் இதைச் சொன்னால் மன்னித்துவிடுவார்கள். எங்கள் பக்கம் முடியாது. என் அம்மா தலைமுறைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. ஆலங்குடியில் என் அம்மா இன்றைக்கும் கேரியரில் கடலை மூட்டையை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸுக்குக்கூட வழிவிடாமல் போவார். அந்தக் கேரியரில் மூட்டை இல்லாத நேரங்களில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். (பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைத் தங்கை எடுத்துக்கொண்டாள். நானும் தடுக்கவில்லை.)

திருச்சியில் ஒரு சின்ன அலுவலகத்தில் இன்டர்வியூ. "சைக்கிள் ஓட்டுவீங்கள்ல?" என்று கேட்டார் அலுவலகத்தை நடத்தும் சார். "எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, நார்த்தாமலையிலிருந்து குடுமியான்மலை வரை, நடுவிலிருக்கும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஒரு பாதை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம், கோயில் பார்க்க வருகிறவர்கள் நடக்கலாம். நான் ஏசி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, ஒற்றையடிப்பாதை எல்லாவற்றையும் ஒரு பச்சைக் கோட்டால் இணைத்தேன். கோடு அவ்வளவு அழகாக வந்திருந்தது. சார் அதை பிரேம் போட்டு மாட்டாததுதான் குறை.

மாவட்டத்தில் இந்தத் திட்டத்தைக் கவனித்துவந்த மேடத்துக்கும் பிடித்துப்போனது. ரொம்பவே பிடித்துப்போனது.

"ஞாயித்துக்கெழம காலையில எல்லாரும் சைக்கிள்லயே போயிப் பாத்துருவோம். பாதை போட்ட பொண்ணு முன்னால போகட்டும்."

நான்கு நாள் இருந்தது. காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு ஆலங்குடிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்டி, ஊருக்கெல்லாம் பாதை போடுறவளுக்கு ஒரு சைக்கிள்ல ஏறத் தெரியலையா?"

"சொல்லிக்குடும்மா. வேலை போயிரும்."

தென்னந்தோப்பில் பயிற்சி நடந்தது. அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார். நான் எந்தத் தென்னையைப் பார்த்து பயப்படுகிறேனோ, சைக்கிள் நேராக அந்தத் தென்னைக்கே போகும். நான்காவது நாள், யாராவது தள்ளிவிட்டால் நேராக மட்டும் போக வந்துவிட்டது.

"திரும்புறதும் நிக்கிறதும்?"

"அது அடுத்த வாரம்" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை நார்த்தாமலைக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை மேல் ஆறு பேர் சைக்கிளோடு நின்றோம். மழை பெய்து ஓய்ந்த சமயம். கண்மாயில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. நான் ஒரு கல்லில் காலை ஊன்றி, என்னை நானே தள்ளிவிட்டுக்கொண்டேன். எனக்குப் பின்னால் மேடம், அவருக்குப் பின்னால் சார். நூறு அடி தூரம் ராணி மாதிரி போனேன்.

அதற்கப்புறம் கரை வலது பக்கம் வளைந்தது. நான் வளையவில்லை.

அந்த இடத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவு ஒன்று இருந்தது. சைக்கிள் அதில் இறங்கியது. பிரேக் என்று நினைத்து நான் அமுக்கிக்கொண்டிருந்தது மணியை. விடாமல் மணி அடித்துக்கொண்டே போனதைப் பின்னால் வந்தவர்கள் 'இந்தப் பக்கம் வாருங்கள்' என்று எடுத்துக்கொண்டார்கள். "தண்ணிப் பக்கமா ஒரு ஸ்ட்ரெச் வச்சிருக்கோம் மேடம்" என்று சார் பெருமையாகச் சொல்வது என் காதில் விழுந்தது. அடுத்த நொடி நான் தண்ணீரில் விழுந்தேன். அடுத்து மேடம். அடுத்து, அந்த ஸ்ட்ரெச்சை வைத்த சார். மற்ற மூன்று பேர் மட்டும் கரையிலேயே நின்று தப்பித்தார்கள்.

யாருக்கும் அடியில்லை. சேறுதான், காது வரைக்கும்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை நிதானமாகப் பார்த்தார். "குளிக்கணும்னா படித்துறை அங்கிட்டு இருக்குங்க. இங்கிட்டு மாடுதான் எறங்கும்."

மேடம் கண்ணாடியைத் தண்ணீருக்குள் துழாவி எடுத்தார். "உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க மேடம்."

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, இந்தப் பாதையை நேர்ல வந்து பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர்ல முழுசாப் பாத்தேன் மேடம்."

ஆட்டுக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு அங்கிட்டு எங்கங்க போவீங்க? கரை ஒடைஞ்சு கெடக்கு. அதத் தாண்டுனா பூராம் கருவ முள்ளு. என் ஆடே போவாதுங்க."

என் அழகான பச்சைக் கோடு கருவேல முள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அழுகையும் வந்தது. முகமெல்லாம் சேறாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மேடம் கொஞ்ச நேரம் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்த மாசம் பூராம் ஒவ்வொரு ஊரா வந்து, ஜனங்க எந்த வழியாப் போறாங்கன்னு பாத்துக் கோடு போடுங்க. நடந்து வாங்கம்மா. சைக்கிள் வேண்டாம்."

நடந்தேன். இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் வழி, களை எடுக்கப் போகிறவர்கள் வழி என்று கேட்டுக் கேட்டு மறுபடி வரைந்தேன். புதுக் கோடு கோணல்மாணலாக இருந்தது. ஆனால் அதில் ஆள் போகலாம். வேலையும் தப்பியது. (சைக்கிளும் கற்றுக்கொண்டேன். இடது பக்கம் நன்றாகவே திரும்புவேன்.)

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் மணவறையைச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் சேலை தடுக்கி, அவரை ஒரு எட்டு முந்திவிட்டேன். அவ்வளவுதான், முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மாப்ள, அவ பின்னால போகாதீங்க! கம்மாய்க்குள்ள எறக்கிவிட்டுருவா!"

மண்டபமே சிரித்தது. என் கணவர் மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் நான் முன்னால் ஒரு சந்தில் திரும்பினால், முனையில் நின்று எட்டிப் பார்த்து, தண்ணீர் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே பின்னால் வருகிறார்.