காயாத துண்டு

துண்டு மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரம்மா தண்ணீர்ச் செம்பைத் தேடினாள். கணவர் எழுந்து வர இன்னும் ஐந்து நிமிடம்கூட இல்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பவரின் மனைவி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். குடியிருப்பதோ ஐந்தாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது! பதினோரு வருடமாக ஏறி இறங்கி, அவள் முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டன. இப்போதுதான் கம்பெனிக்காரர்கள் மனசு வைத்து, வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலையும் தரைத்தளத்தில் ஒரு வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவரோ சட்டை எடுக்கப் போன இடத்தில்கூட கடைக்காரரை நிற்க வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபிக்கிற மனுஷன். பெண் பார்த்துவிட்டுப் போனவர், ஜன்னலில் புறா வந்து உட்காரும்வரை எட்டு மாதம் பதிலே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு பால்கனியில் துண்டை விரித்துவிட்டு வந்தார்.

"பைபிள்ல கிதியோன் ஆண்டவர் சித்தம் தெரிய ராத்திரி ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்த்தான்ல, அந்த மாதிரி. காஞ்சிருந்தா ஒரு வழி, ஈரமா இருந்தா இன்னொரு வழி."

"எதுக்கு எதுங்க?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நீ தலையிடாத."

அவள் தலையிடவில்லை. வேதாகமத்தைத்தான் புரட்டினாள். கிதியோனுக்கு முதல் நாள் சுற்றிலும் தரை காய்ந்திருக்க, தோல் மட்டும்தானே பனியில் நனைந்தது? அதை நம்பித்தானே அவன் போருக்குப் போனான்? அப்படியென்றால் ஈரம்தான் 'போ' என்று அர்த்தம். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் காய்ந்த துண்டின்மேல் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினாள். சுற்றிலும் தரை காய்ந்திருக்க வேண்டுமே! வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றித் துடைத்தும் வைத்தாள்.

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஈரம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

"அப்போ தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு. எதுக்கும் நாளைக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்."

நாளைக்குமா! ஒரு செம்பு போதவில்லை போலிருக்கிறது என்று வியாழக்கிழமை ஒரு வாளியையே கவிழ்த்தாள். அரைமணி நேரத்தில் நாலாம் மாடிக்காரி படபடவென்று கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, மேல என்ன வெள்ளமா? காயப் போட்ட மெத்தை தொப்பலா நனைஞ்சு போச்சு!"

"அது... குழாய் கொஞ்சம் ஒழுகுது."

விசுவாசி பொய் சொல்லலாமா என்று மனசாட்சி குத்தியது. முழங்கால் அதைவிடப் பலமாகக் குத்தியது.

நாலாம் மாடிக்காரி சும்மா இருப்பாளா? நேரே போய்க் குழாய்க்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் சாயங்காலமே வந்து ஐந்தாம் மாடிக்குப் போகிற தண்ணீரை அடைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை குழாயைத் திறந்தால் வெறும் காற்று. துண்டோ அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது. லிஃப்ட்காரம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கி, தெருக்குழாயில் பிடித்து, ஐந்து மாடி ஏறினாள். மூன்றாம் மாடியில் கால் மக்கர் பண்ணியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆண்டவரே, உமக்கும் சித்தம்தானே? நீரே ரெண்டு தூறல் போட்டா கொறஞ்சா போயிடுவீர்?"

தூறல் விழவில்லை. எழுந்து ஏறினாள்.

"இன்னைக்கும் ஈரம்!" துண்டைப் பிடித்துக்கொண்டு அவர் கண்கலங்கினார். "மூணு நாள்! அவர்தான் எவ்வளவு இரக்கமுள்ளவர்!"

"அப்போ ஆபீஸ்ல இன்னைக்குச் சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லலாம். அவசரப்படாத," என்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நாலரை மணி ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. இந்த மனுஷனை நம்பினால் ஆயுசுக்கும் படிதான்! பொறுத்தது போதும் என்று அவளே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், அவருக்குச் சம்மதம்தான். மூணு நாளா ஆண்டவரே காட்டிட்டார். அந்தக் கீழ்வீட்டை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

அந்தப் பக்கம் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அவர் திங்கட்கிழமையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரே... துண்டு காஞ்சா அன்னைக்கே வீட்டுல உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடறதா ஆண்டவர்கிட்ட பேசி வச்சிருக்காராம். அது என்னமோ, மூணு நாளா காயவே மாட்டேங்குதாம்!"