கட்டைத்தொண்டைப் பாப்பா

தூக்கம் வந்துவிட்டால் நான் மனிதன் இல்லை, மூட்டை. இறக்கி வைத்த இடத்தில் கிடப்பேன். பின்னால் வரும் கேவலத்துக்கெல்லாம் காரணம் அதுதான். (மூளை இல்லாததும் ஒரு காரணம் என்பாள் என் மனைவி செல்வி. இருக்கட்டும்.)

மேடவாக்கம் அபார்ட்மென்ட்டுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் நான். ஐ.டி.காரர்கள் எழுந்து குளிப்பதற்குள் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். ஊர் தூங்கும்போது கிளம்புவேன். ஊர் வேலைக்குப் போன பிறகு பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்து விழுவேன். அதற்குள் செல்வி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டை தைக்கப் போயிருப்பாள். நான் வரும்வரை எங்கள் மகன் கவினைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். அப்போது அவனுக்கு இரண்டரை வயது.

கவின் நன்றாகத்தான் பேசினான். ஆனால் ஒரு வார்த்தை இன்று இருந்த மாதிரி நாளைக்கு இருக்காது. என் லாரி காலையில் ‘ஓயி’, சாயங்காலம் ‘லாயி’, மறுநாள் ‘யாயி’. தண்ணி ஒரு நாள் ‘நன்னி’, இன்னொரு நாள் ‘அன்னி’. எனக்கு இது பெரிதாகப் படவில்லை. நான் பேசுவதையே டிராஃபிக் போலீஸ் திருப்பித் திருப்பிக் கேட்பார். ஆனால் வார்த்தை ஒரு இடத்தில் நிற்கவில்லையென்றால் தலைக்குள் ஏதோ கோளாறு என்று அந்த அக்கா செல்வியிடம் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முன்னால் கவின் வாயையே திறக்கவில்லை. வீட்டில் அவன் பேசுவதை ஒரு வாரம் போனில் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னார். சொல்லிக்கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, பேசுவது பேசியபடி வேண்டுமாம். செல்வி ஓவர்டைம் முடித்து வருவதற்குள் பையன் தூங்கிவிடுவான். ஆகவே பொறுப்பு என் தலையில்.

தினமும் மதியம் போனை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, சும்மா முதுகை நீட்டுவோம் என்று படுப்பேன். எழுந்து கேட்டால் போனில் என் குறட்டைதான் ஓடும். (அதைக் கொடுத்திருந்தால் எனக்காவது வைத்தியம் பார்த்திருப்பார்கள்.) செல்வி கேட்கும்போதெல்லாம் சூப்பராக வந்துகொண்டிருக்கிறது என்று அளந்துவிட்டேன்.

கடைசி நாள் வந்தது. போனை நீட்டி, லாரி சொல்லுடா என்று கெஞ்சினேன். அவன் போனை நக்கிப் பார்த்தான், கார்ட்டூன் கேட்டு அழுதான், தூங்கிப்போனான். எனக்கும் கண் சொருகியது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். குரலை ஒல்லியாக்கி, “ஓயி. ஓயி. அப்பா ஓயி” என்று போனில் நானே பேசிவைத்தேன். லாயி, யாயியெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? இருப்பதில் சுலபமானதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுப் பார்த்தேன். அசல் குழந்தைதான்.

டாக்டரம்மா இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். நெற்றி சுருங்கியது. இன்னொரு முறை கேட்டார்.

“குரல் ரொம்பக் கட்டையா இருக்கே. எப்பவும் இப்படித்தானா?”

“தெர்ல மேடம். பகல்ல இவுருதான் கூட இருப்பாரு,” என்றாள் செல்வி.

“சளி மேடம்,” என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. மூச்சும் இழுக்கிறது, வார்த்தையும் அச்சடித்த மாதிரி ஒரே தப்பாக வருகிறது, இந்த வயதில் கொஞ்சமாவது மாற வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் டியூப் விட்டுப் பார்த்துவிடலாம் என்று எழுத ஆரம்பித்தார்.

செல்வி கவினை இறுக்கிக்கொண்டாள். அவள் கண்ணீர் அவன் தலையில் சொட்டியது. அவன் ஒன்றும் புரியாமல் தலையைத் தடவிக்கொண்டான்.

“மேடம், டியூபு எனக்கு வுடுங்க,” என்றேன்.

“என்ன?”

“அது என் கொரலு.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். செல்வி போனை வாங்கி, இயர்போனைப் பிடுங்கிவிட்டுப் போட்டாள். அறை முழுக்க என் ‘ஓயி’. வெளியே காத்திருந்த ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த நேரம் பார்த்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கவின் துள்ளி ஜன்னலைக் காட்டினான். “ஓயி... லாயி! அப்பா யாயி!”

டாக்டரம்மா எழுதின காகிதத்தைக் கிழித்தார். “இதைத்தான் கேட்டேன். வார்த்தையை ஒவ்வொரு மாதிரியாப் போட்டுப் பார்க்கிறான், தானா வந்து சேரும். குழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா.” பிறகு என்னைப் பார்த்தார். “இவரை வேணா கொஞ்சம் தூங்க விடுங்க.”

பஸ்ஸில் செல்வி என் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டர் வந்ததும், “பெருங்களத்தூர் ஒண்ணரை,” என்றாள்.

கண்டக்டர் மடியில் இருந்த கவினைப் பார்த்தார். “இதுக்கு டிக்கெட் வேணாம்மா.”

“இதுக்கு இல்ல,” என்று என்னைக் காட்டினாள்.

கவின் இப்போது ஆறாவது படிக்கிறான். லாரியை லாரி என்றுதான் சொல்கிறான். நான் இன்னும் அதே லாரிதான் ஓட்டுகிறேன், இன்னும் தூக்கம் தீரவில்லை. அவர்கள் இருவரும் வீட்டிலிருக்கும் லீவு நாளில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, வர லேட்டாகும் என்று சொல்லப் போன் செய்தால், செல்வி ஹலோ சொல்வதோடு சரி. “டேய் கவினு, உன் தம்பி லைன்ல கீறான்,” என்று போனைக் கொடுத்துவிடுவாள்.

அவனும் ரொம்பப் பொறுப்பாகக் கேட்பான். “தம்பி, ஓயி எங்க கீது?”

“மேடவாக்கத்துல மாட்டிகினு கீதுண்ணா,” என்பேன்.