பெட்டிக்குள் மாறிய டிங்சர்

காயத்துக்குப் பூசும் டிங்சர் என் காலில் ஒரு சொட்டும் படக்கூடாது. போன மாரியில் நான் எடுத்த முடிவு இது. எனக்குப் பத்தொன்பது வயசு. எண்பத்தொன்றில் ஓ.எல். சோதனையில் பெயில். அதோடு கல்யாணம். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்சாதி றம்ஸியாவின் வீட்டில்தான் குடியிருக்கிறேன்.

நற்பிட்டிமுனை வயலில் வரம்பு வெட்டும்போது மண்வெட்டி என் காலையும் சேர்த்து வெட்டியது. பெருவிரலுக்குப் பக்கத்தில் வாய் பிளந்த காயம். டிஸ்பென்சரியில் ஏற்பு நோய் வராமல் ஊசி போட்டு, ஒரு குப்பி டிங்சரும் தந்து சொன்னார்கள்.

"காயத்தக் கழுவி ரெண்டு நேரமும் பூசு. பழுத்தா மீராசாட காலப் போலதான்."

மீராசா ஆணி குத்திய காலுக்குச் சாம்பல் வைத்துக் கட்டியவர். முழங்காலுக்குக் கீழே இப்போது அவருக்கு ஒன்றும் இல்லை.

பயம்தான். ஆனால் டிங்சரின் எரிவு அதைவிடப் பயம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கிணற்றடி மணலில் கொட்டினேன். குடித்து மிஞ்சிய தேத்தண்ணியைக் குப்பியில் ஊற்றினேன். ஒரே நிறம். றம்ஸியாவுக்கு முன்னால் பூசினேன்.

"யா அல்லாஹ்! எரியுதே!"

"எரியட்டும். அப்பதான் ஆறும்."

திங்கட்கிழமை பூசினேன். பொய்யாகக் கத்த வாயைத் திறந்தேன். மெய்யாகவே கத்தினேன். தேத்தண்ணி நெருப்பாகச் சுட்டது.

"என்ன, நேத்து இன்னும் நல்லாக் கத்தினீங்களே?" என்றாள் றம்ஸியா.

"குப்பிய ஆரும் தொட்டாங்களா?"

"ஏன்? அதுக்குள்ள டிங்சர்தானே இரிக்கி?"

"ஓம்... டிங்சர்தான்."

வேறு என்ன சொல்ல? குப்பியைக் கழுவித் திரும்பவும் தேத்தண்ணி ஊற்றினேன். செவ்வாயும் நெருப்பு.

அன்றைக்கு மாமி மைமூனா மெதுவாகக் கேட்டார்.

"மருமகன், கிணத்தடியில என்னத்தயும் கொட்டின நீங்களா?"

"இல்ல மாமி. ஏன்?"

"பிஸ்மி சொல்லாம அதுல ஒண்டும் கொட்டப்படாது. அவங்கட தலையில பட்டா, கொட்டினத்தத் திருப்பிக் கொண்டந்து தருவாங்க."

அவங்க என்றால் ஜின்.

அஸர் தொழுகைக்குப் பிறகு நானே புதுத் தேத்தண்ணி ஊற்றினேன். குப்பியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பை அரைஞாணில் கட்டினேன்.

புதன்கிழமை காலையில் மாமியும் றம்ஸியாவும் மருதமுனைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நடுப்பகல். வீட்டில் நான் மட்டும். காற்றே இல்லை. கிணற்றுக் கப்பி மட்டும் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். கயிறு ஆடிக்கொண்டிருந்தது. வாளி தரையில் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். மூடியைக் கழற்றியதும் ஆசுபத்திரி வாசம் வெளியே வந்து, எனக்குப் பின்னால் நின்றது. சோதித்துப் பார்க்க ஒரு சொட்டு விட்டேன்.

கத்தினேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ அதே குரலில் திருப்பிக் கத்தினார்கள்.

பின்னேரம் றம்ஸியா படியில் கால் வைக்கும்போதே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஓதிப் பார்க்க லெப்பையக் கூப்பிடு! நான் ஊத்தினது தேத்தண்ணி. அது தானா டிங்சரா மாறுது!"

அவள் பர்தாவைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும். ஞாயிற்றுக்கிழமையே உங்கட கால்ல எறும்பு மொய்ச்ச. டிங்சருக்கு ஆரு சீனி போடுவாங்க? வேற டிங்சர் எடுத்து நான்தான் மாத்தி ஊத்தின."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப மூணு நாளும் நீதானா?"

"மூணா? திங்களும் செவ்வாயும்தான். புதன் நான் தொடவே இல்லையே. பெட்டி பூட்டி, திறப்பு உங்கட அரையில. நான் எப்பிடி?"

முகத்தில் சிரிப்பே இல்லை. மாமி கிணற்றுப் பக்கம் பார்த்து என்னமோ ஓதினார்.

அந்தப் பெட்டி அவளுடைய சீதனப் பெட்டி. இரண்டாவது திறப்பு இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்கவில்லை.

காயம் ஆறி மூன்று மாதம். இன்னும் இரண்டு நேரமும் டிங்சர் பூசுகிறேன்.