மூடி மாமாவும் பளபளத்த தரையும்

கடலூர் முதுநகரில் ஒரு டம்ளர் காப்பியைக் கடைசி வரை குடித்தறியாத ஒரே மனிதர், எங்கள் பக்கத்து வீட்டு மூடி மாமாதான். இரண்டு மடக்கு உள்ளே போவதற்குள் எழுந்துவிடுவார். கார் ஷெட்டில் பெயின்ட் கரைக்கும் தின்னர் டின்னின் மூடியை இறுக்கினோமா என்று பார்த்தாக வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

பழைய கார் ஒன்று வைத்திருந்தார். ஓட்டியதைவிடப் பெயின்ட் அடித்ததும் துடைத்ததும்தான் ஜாஸ்தி. தின்னரைத் திறக்கும் முன் ஷட்டரை முழுக்க ஏற்றுவார், கையுறை மாட்டுவார், தெருவில் பீடியோடு போகிறவரை எதிர்ப்பக்கம் விரட்டுவார். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்து உலர்த்துவார். அழுக்குத் தின்னரைத் தெளியவைத்து மறுபடி பயன்படுத்துவார். அடியில் தங்கிய கசடுக்குத் தனி டின். போதாததற்குத் தெருக்காரர்களின் மிச்சத்தையும் கேட்டு வாங்கினார். ஷெட் நிரம்பி, கார் வெயிலில் நின்றது.

"சாக்கடையில ஊத்திட்டாப் போச்சு மாமா" என்றேன்.

"அது உப்பனாத்துக்குத்தான் போவும். அங்க புடிக்கிற மீனத்தான் நீ ஞாயித்துக்கெழம திங்கிற."

கசடை எடுத்துப்போகும் கம்பெனிக்கு ஓயாமல் போன் செய்வார். எதிர்முனைப் பெண், இவர் ஹலோ என்றதுமே, "மூடிட்டீங்களா சார்?" என்பாளாம்.

மகள் கல்யாணம் சிதம்பரத்தில். முந்தின நாள் மத்தியானமே மண்டபத்தில் இருந்தோம். வீட்டுக் காவலுக்கு மச்சினன் செல்வத்தை விட்டு வந்திருந்தார். போன் செய்தால் அவன் எடுக்கவில்லை.

"தூங்குவான், விடுங்க" என்றாள் அத்தை.

மாமா என் சட்டையைப் பிடித்தார். "மனசு சரியில்ல. வண்டிய எடு."

மாப்பிள்ளை வீட்டார் முன்வாசலில் இறங்க, பெண்ணைப் பெற்றவர் பின்வாசலில் ஏறினார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. "எறங்கி நடந்துடவா?" என்று கேட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் வந்து பார்த்தால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. தூக்கியதும் நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே இருட்டு. சுவிட்சுக்குப் போன என் கையில் ஓங்கி ஒரு அடி.

"தொடாத. பொறி பட்டா எல்லாரும் காலி."

மூச்சை அடக்கி உள்ளே பாய்ந்து, சுவரோரம் சாய்ந்து கிடந்த செல்வத்தைத் தெருவுக்கு இழுத்து வந்தார். மாமாவை அசத்தலாம் என்று ஷெட்டைச் சுத்தம் செய்திருக்கிறான். கொசுவுக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு, தின்னரை வாளியில் ஊற்றித் தரையைத் துடைத்திருக்கிறான்.

காற்றுப் பட்டதும் மெல்லக் கண் திறந்தான். "மாமா, தரை பளபளன்னு இருக்குல்ல?"

"இருக்குடா" என்றார் மாமா.

அக்கம்பக்கத்தாரிடம் அடுப்பு பற்ற வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்துவிட்டு, காலையில் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூவரும் மண்டபம் சேர்ந்தோம். மாமா பக்கத்தில் வந்ததும் சம்பந்தி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். மாமா மட்டும், தன்னோடு மேடையில் உட்காரவைத்திருந்த செல்வத்தின் முதுகில் கை வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த அட்சதையைப் போட மறந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.