ஆறு பேருக்கான சகன்

சாய்ந்தமருது,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இன்ஷிராவுக்கு, வாப்பா அச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நான் நல்ல சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகள் இருவரும் கத்தாரில் சுகமாக இருக்க என் துஆ. வாட்ஸ்அப் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முப்பத்தொரு வருசம் தபாலதிபராக இருந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவனுக்கு, தன் மகளுக்கு ஒன்று எழுத உரிமை இல்லையா?

நிற்க. "உம்மா மௌத்தான பிறகு தனியாத்தான் தின்றீங்களா வாப்பா, பெருநாளைக்கு லீவு போட்டு வரட்டா?" என்று போனில் அழுதாய். வேண்டாம். டிக்கட் வீண். நான் தனியாகச் சாப்பிடவில்லை என்பதற்கு அத்தாட்சியாகப் போன சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

வயலோரம் சனிக்கிழமைகளில் விவசாயிகள் சந்தை கூடுகிறது. எல்லாம் நம் ஊர்ச் சாமான். நான் ஒரு கத்தரிக்காய் வாங்கப் போனேன், ஒருத்தனுக்கு ஒன்று போதும்தானே, அதற்குக் கத்தரிக்காய் விற்கும் பாண்டிருப்புத் தெய்வேந்திரம், "ஒண்டை வைச்சா தராசு அசையாது ஐயா" என்று சிரித்தார், ஒற்றைக் கடிதத்தையும் நிறுத்துப் பார்த்தவன் நான் என்று சத்தம் போட்டேன், அவர் அதைச் சும்மாவே தந்துவிட்டார், அது இன்னும் கோபம். அந்த நேரம் பார்த்துச் சுல்பிகாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து நாட்டுக்கோழிக் கறி வாசம் வந்தது. "ஒரு பார்சல் தா பிள்ள" என்றேன். "பார்சல் இல்ல காக்கா, கலியாண வீடு மாதிரி எல்லாருக்கும் ஒரே தட்டு, சகன்தான். ஆறு பேர் சுத்தி இருந்தாத்தான் மூடி திறப்பம். மத்தாக்கள் எங்க?" என்றாள். உன் உம்மா பக்கத்தில் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பா. "வாறாங்க, அஞ்சு பேர்" என்று சொல்லிப் போட்டேன்! உடனே பாயை விரித்து, சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்து, கை கழுவத் தண்ணியும் ஊத்திட்டாள்.

பிறகென்ன, ஆள் சேர்ந்தது. தெய்வேந்திரம் வந்தார், தேன் விற்கிறவர் வந்தார், அறுகம்பேக்குப் போகிற வெள்ளைக்காரர் ரெண்டு பேர் வந்தார்கள், என்னோடு வேலை செய்த தபால்காரன் பஸாலும் வந்தான். நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ள வேணும் என்று அந்த வெள்ளைக்காரனுக்கு யார் சொன்னதோ, கோழிக்காலை என் பக்கம் தள்ளினான். ஒரே கதையும் சிரிப்பும். ஆகவே நீ வரத் தேவையில்லை.

மருமகனுக்கு சலாம். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஆளுக்கொரு முத்தம் வை. றப்பு உங்களை நோய் நொடியில்லாமல் காப்பானாக.

இப்படிக்கு,
வாப்பா.

பி.கு.: கவரை ஒட்டியபின் பிரித்தேன். தபாலதிபர் செய்யக்கூடாத வேலை. பஸால் மௌத்தாகி மூணு வருசம், அது உனக்கும் தெரியுமே என்று இப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரரும் தேன்காரரும் கூடப் பொய். பகல் லுஹர் தொழுகை முடிந்ததிலிருந்து பின்னேரம் அஸர் பாங்கு வரை மூடின சகனுக்கு முன்னால் தனியாக இருந்தேன் மகள். சுல்பிகா மூணு தரம் "வாறாங்களா காக்கா?" என்று கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் தெய்வேந்திரம் மட்டும் கடையைக் கட்டிவிட்டு வந்து எதிரில் இருந்தார். "சனிக்கிழமையில நான் கோழி, மீன், மச்சம் ஒண்டும் தின்னமாட்டன் ஐயா. நீங்க தின்னுங்க, நான் இருக்கிறன்" என்று வாழைப்பழத்தை உரித்தார். சுல்பிகா மூடியைத் திறந்தாள். நான் ரெண்டு பிடிதான் தின்றேன். மிச்சத்தை, பார்சல் இல்லை என்றவளே, அஞ்சு பார்சலாகக் கட்டித் தந்தாள். இன்று வரை அதைத்தான் தின்கிறேன், தனியாக.

பெருநாளைக்கு வா. நானும் தெய்வேந்திரமும் ரெண்டு பேர். நீ, மருமகன், பிள்ளைகள் ரெண்டு. எண்ணிப் பார்த்தேன், ஆறு சரி. பெருநாள் சனிக்கிழமையில் வராவிட்டால் அவரும் கோழி தின்பார். சுல்பிகாவிடம் சொல்லியும் விட்டேன், "வாறாங்க" என்று.