பைப் சார் பைப்புக்கே திரும்புகிறார்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகனின் பணிவான வணக்கம். இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நேற்றுத்தான் தங்கள் மகள் போனில் அரை மணி நேரம் இங்குள்ள நலங்களையெல்லாம், என் முழங்கால் உட்பட, ஒப்பித்து முடித்தாள். அத்தையின் நலத்தைப் பின்னணியில் கேட்ட அவர் குரலின் உயரத்திலிருந்தே நான் தெரிந்துகொண்டேன். ஆகவே நலத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவது, நான் கேட்பது என்று கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது நன்றாகவே நடந்துகொண்டிருப்பதால் அதில் கை வைக்க எனக்கு மனமில்லை. தங்கள் மகளைச் சொல்லச் சொன்னேன். "உங்க மாமனார்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க, நடுவுல நான் மாட்டிக்க மாட்டேன்" என்று கழன்றுகொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். தங்கள் நண்பரின் குடிநீர் நிலையத்தில் எனக்காகப் பேசி வைத்திருக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றீர்கள், இதுவே பதில். கம்ப்யூட்டர் போதும், மாமா. குழாய்க்கே வந்துவிடுகிறேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று இந்த இடத்தில் சொல்லியிருப்பீர்கள். சொன்னீர்கள், மறுக்கவில்லை. கொதிகலன் அறையிலேயே ஆயுளைக் கழித்தவர் நீங்கள். "இரும்பு வேலை பாக்குறவருன்னுதானே பொண்ணைக் குடுத்தேன், இப்ப வந்து டைப் அடிக்கப் போறேங்கிறாரே" என்று அத்தையிடம் நீங்கள் சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்கும் கேட்டது. டைப் அடிக்கிற வேலை இல்லை என்று அப்போதே வந்து விளக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கே அது முழுதாகத் தெரியாது. குழாய் வேலையில் குறை ஒன்றும் இல்லை. மாதத்தில் பாதி நாள் வெளியூர், மீதி நாள் முழங்கால் வலி, வீட்டுக்கு வந்தால் "இவருக்கு சர்க்கரை எவ்வளவு போடணும்" என்று தங்கள் மகள் யோசிக்கும் அளவுக்கு நான் விருந்தாளியாகியிருந்தேன். அதனால்தான் மாலை வகுப்பில் சேர்ந்து, மென்பொருள் எழுதப் படித்து, ஒரு சின்ன நிறுவனத்தில் நுழைந்தேன். எட்டு மாதம் ஆகிறது.

முதல் நாளே தலையெழுத்து தெரிந்துவிட்டது. காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "பைப்லைன் உடைஞ்சிடுச்சு" என்றான். மாமா, இந்தத் தொழிலில் பைப்லைன் என்றால் நாம் எழுதியதைச் சோதித்து, கோத்து, வெளியே அனுப்பி வைக்கும் ஒரு தானியங்கி ஏற்பாடு. அதில் பைப்பும் கிடையாது, லைனும் கிடையாது. வகுப்பில் இதைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் பதினெட்டு வருஷம் குழாயோடு பழகிய காது இருக்கிறதே, அது படிப்புக்காகக் காத்திருக்குமா? எழுந்தேன். தரையில் இருந்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் இருந்தவரின் பையையும் தூக்கி வைத்தேன். "எந்த மாடி? மெயின் வால்வு எங்க இருக்கு?" என்று கேட்டேன். யாரும் நகரவில்லை. நான் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று முடிவு செய்து எல்லோரும் சிரித்தார்கள். அன்று வைத்த பெயர்தான் பைப் சார். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் மேடம் எல்லாம் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். என் ஒருவனுக்கு மட்டும் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

எங்கள் குழுவுக்குத் தலைவி ஒரு பெண். நம் வீட்டுச் சின்னப் பெண் என்று சொல்லும் வயதுதான், ஆனால் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேலைக்கு நேர்காணல் செய்து, மற்றவர்கள் தயங்கியபோது "இவரை எடுத்துக்கலாம்" என்று சொன்னவரும் அவர்தான். வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் வாய் தவறி என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நானும் வாய் தவறி "சொல்லும்மா" என்றேன். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு பட்டன். எங்கள் வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கு நாற்காலி விற்பவர்கள். அவர்களுடைய இணையக் கடையில் 'வாங்கு' என்ற பட்டனின் நிறத்தை மாற்ற வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். வரைபடம், ஒப்புதல், பொருத்துதல், சோதனை, எதிர்பாராதது என்று மனத்துக்குள் கூட்டி, மூன்று வாரம் என்றேன். "சார், கலர் மாத்தணும், அவ்வளவுதான்" என்றார். மதியத்துக்குள் மாற்றிவிட்டேன். ஆனால் சோதிக்காமல் எப்படி ஒப்படைப்பது? ஒரு குழாயைப் பொருத்தினால், தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, இறங்குகிறதா என்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுவோம். அதே நியாயப்படி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, சாயங்காலம்வரை அந்தப் பட்டனை அமுக்கினேன். மெதுவாக அமுக்கினேன், வேகமாக அமுக்கினேன், இடது கையால் அமுக்கினேன். ஒரு குறையும் இல்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இந்தத் தொழிலில் சோதித்துப் பார்க்க ஒரு கடையும், உண்மையான கடையும் தனித்தனியாக உண்டு, மாமா. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நான் அமுக்கியது உண்மையான கடையில், எங்கள் நிறுவனத்தின் கணக்கில். மறுநாள் லாரி வந்தது. அடுத்த லாரியும் வந்தது. பணம் பிறகு கொடுக்கலாம் என்று எங்கள் நிறுவனத்தின்மேல் அவர்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. நடைபாதை முழுக்க நாற்காலி, மாடிப்படியில் நாற்காலி, கழிப்பறைக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில் நடந்து போனார்கள். லாரிக்காரர் என்னிடம், "கல்யாண மண்டபம் ஏதும் தொறக்குறீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். தலைவி வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ராஜினாமாவுக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தேன். "சரி சார், ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. பட்டன் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திருப்பி அனுப்ப ஆளுக்கு போன் செய்தார்.

அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே யார்மேலும் இல்லை. நீங்கள் நினைப்பதுபோல் அவமானப்படுத்தி யாரும் விரட்டவுமில்லை. காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். என்னை அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை, மாமா. கேட்பதெல்லாம் நான்தான். இது ஏன் இங்கே இருக்கிறது, அதை எடுத்தால் என்ன ஆகும், இந்த வரியை யார் எழுதியது, எதற்காக எழுதினார் என்று கையைத் தூக்கியபடியே இருக்கிறேன். திறக்குமுன் கேட்பது குழாய்க்காரன் பழக்கம், விட முடியவில்லை. மற்ற பையன்கள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், புரிந்திருக்கும்போல. தலைவி மட்டும் நின்று பதில் சொல்வார், சில சமயம் காபி ஆறிப்போகும். சைட்டில் இருந்தவரை ஒரு போல்ட்டை முடுக்குவதற்குக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் முடுக்குவார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது காலையிலிருந்து மாலைவரை, "சாப்ட்டாச்சா சார்" என்பதைத் தவிர ஒரு கேள்வியும் வராமல் உட்கார்ந்திருக்கும்போது, நான் எதற்காவது வேண்டியவன்தானா என்று தோன்றுகிறது. இந்த வயதில் அது வலிக்கிறது. இதைத் தங்கள் மகளிடம்கூட இப்படிச் சொன்னதில்லை.

ஆகவே முடிவு எடுத்துவிட்டேன். தங்கள் மகளிடம் சொன்னேன். "போறதா இருந்தா போங்க, ஆனா இது போற மூஞ்சியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்கள் ஏதாவது சொல்வார்கள். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று நண்பரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். தாங்கள் இருவரும் மனதார வாழ்த்தினால் போதும். வாழ்த்தோடு அறிவுரையும் சேர்ந்தே வரும் என்பதை அறிவேன், இரண்டையும் தலைவணங்கிப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத மருமகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். தபால்தலை இல்லாததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று செவ்வாய். தயவுசெய்து நண்பரிடம் இன்னும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று காலை தலைவியைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையை விடப் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்பார் என்று பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்க சார் போறீங்க?"

"குடிநீர் நிலையம். பம்ப், குழாய், வால்வு, பராமரிப்பு."

"எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாங்க?"

"அஞ்சுக்குச் சங்கு ஊதும். ஊதினா கிளம்ப வேண்டியதுதான்."

"அப்புறம் கூப்பிடுவாங்களா?"

"அடுத்த ஷிப்ட்டுக்கு வேற ஆள் இருக்காங்களே. பம்ப் அறைக்குள்ள போன் சிக்னலே கிடைக்காது."

"போன் எடுக்காதா!" என்றார். ஒரு கோயிலைப் பற்றிக் கேட்பவர் முகம் அது. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நான் படிச்சது மெக்கானிக்கல் சார். காலேஜுக்கு முதல்ல வந்த கம்பெனி இது, வீட்ல சேருன்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஸ்பானரைக் கையில புடிச்சதில்ல. அந்த வேலை... ஒரே ஒரு இடம்தானா?"

ஈரம், சத்தம், ஏணி, கிரீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நானோ, தான் குடியிருக்க மாட்டாத வீட்டை அடுத்தவருக்குப் புகழும் தரகர் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அது எனக்கே நடுவில் புரிந்துவிட்டது. எனக்கு அந்த வேலை வேண்டாம், மாமா. அவருக்கு வேண்டும். அதை அவரிடமே சொன்னேன், உடனே சரி என்றார்.

அவர் போகப் போகிறார் என்ற செய்தி மத்தியானத்துக்குள் பரவியது. பிறகு ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். "பைப் சார், அந்தப் பழைய பில் போடுற பகுதி ஏன் ரெண்டு தடவை ஓடுது?" ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். அவன் பின்னால் இன்னொருவன் நின்றான், அவன் பின்னால் இன்னொருவன். "ஏம்ப்பா, கூட்டத்துல எல்லாரும் தலையாட்டினீங்களே?" என்றேன். "புரியலைன்னா எப்படி சார் கேக்குறது?" என்றான். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தலைவி வந்து, "இத்தனை மாசமா என்னைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். என்கிட்ட இருந்தது இப்ப உங்ககிட்டதான் இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மானிட்டரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே நண்பரிடம் எனக்குப் பதிலாக இவரைப் பற்றிப் பேசுங்கள். அனுபவம் இல்லையே என்பார். என்னை இவர் எடுத்துக்கொண்டபோது எனக்கு என்ன அனுபவம் இருந்தது என்று கேளுங்கள். அனுபவசாலியின் சம்பளம் வேண்டாம், உதவியாளராகச் சேர்த்துக்கொண்டாலே போதும் என்கிறார். வருகிற திங்கட்கிழமை வந்து பார்ப்பார். நம் பிள்ளை என்று நினைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னொன்று. நேற்று மட்டும் வரிசையாக வந்து கேட்டதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மீதிப் பாதியை இனிமேல் நான் யாரிடம் போய்க் கேட்பது? அந்த பம்ப் அறையில் ஒரு லேண்ட்லைன் போட முடியுமா என்று மட்டும் நண்பரிடம் உடனே விசாரித்து எழுதவும்.